குழூஉக்குறியும் கள்வர் மொழியும்: மின்னி பேயின் ஓர் ஆட்டமேசை

கற்பனைப் பாத்திர விளையாட்டில் மறைமொழி என்பது பெரும்பாலும் பாத்திரத் தாளில் எழுதப்பட்ட ஒற்றை வரிதான். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அதை உருவாக்கினர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசுவர். ஐயம் எழும் இடங்களில் பகடை தீர்ப்பளிக்கும். 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் கள்வர் பாத்திரங்களுக்கெனத் தனிமொழி ஒன்றும், ‘ட்ரூயிட்’ எனப்படும் வனப் பூசாரிகளுக்கென இன்னொன்றும் இருந்தன. நல்லோர்க்கு ஒன்று, தீயோர்க்கு ஒன்று என அறச்சார்பின்படியும் அப்போது மொழிகள் வகுக்கப்பட்டிருந்தன. அறத்துக்கு இலக்கணம் எழுத முயன்ற அந்த வேடிக்கை பிற்காலத்தில் வழக்கொழிந்தது. கள்வர் மொழியும் ட்ரூயிட் மொழியும் மட்டும் நிலைத்தன. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இவற்றின் இயல்பைச் சற்று நுணுக்கமாகவே வரையறுக்கிறது. கள்வர் மொழி சாதாரண உரையாடலுக்குள் செய்தியை ஒளித்துவைக்கும். நேராகச் சொல்வதைக் காட்டிலும் அதற்கு நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். ட்ரூயிட் மொழியில் மறைசெய்தியொன்றை எங்கேனும் விட்டுச்செல்லலாம். பகடை கைகொடுத்தால் பிறரும் அங்கே ஏதோ இருக்கிறது என்று கண்டுகொள்வர்; மந்திரத்தின் துணையின்றிப் பொருளை அறிய மாட்டார்.

விதி நன்று. மேசையில் நிகழ்வதோ வேறு. ‘நான் அவனிடம் மறைமொழியில் சொல்கிறேன்’ என்று எல்லோரும் கேட்க அறிவித்துவிட்டு, சொல்லவேண்டியதை ஆட்டக்காரர் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். கேட்ட மற்றவர்கள் கேளாதவர்போல் நடிக்கிறார்கள். மறைவு என்பது ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் மரியாதையாகச் சுருங்கிவிடுகிறது. இவ்விளையாட்டில் பழகிய எவருக்கும் இது புதிதன்று. பலர் இதைக் குறையாகவும் கருதுவதில்லை. ஆயினும் மறைமொழி இப்படி வெறும் வரியாய் இருக்கும்வரை, அந்த வரி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் எழுவதில்லை.

அக்கேள்வி எழுந்த இடம் மின்னி பே. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் ஒரு பகுதி அது. அங்கே ஒரு வாடகை வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஐவர் கூடி இவ்விளையாட்டை ஆடிவருகின்றனர். நடத்துபவர் தமிழ் இலக்கியத்தில் முதுகலை முடித்த இளம்பெண். அவருடைய தாத்தா இராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஆடுவோரில் இருவர் தமிழ்ச் சகோதரிகள். ஒருவர் கிழக்கு வங்கத்திலிருந்து குடியேறிய குடும்பத்தின் பிள்ளை. மற்றவர் ஃபெரார்கஞ்ச் பக்கத்தைச் சேர்ந்தவர். அவரைப் பற்றிப் பின்னர். மேசையின் பொதுமொழி அந்தமான் இந்தி. தண்டனைக் குடியேற்றம் 1858இல் தொடங்கியபின் பல நாட்டுக் கைதிகளும் காவலர்களும் ஒருவரோடொருவர் பேசியாகவேண்டிய கட்டாயத்தில் உருத்திரண்ட பேச்சு அது.

இத்தகைய ஊரில் மறைமொழி எளிதில் கிட்டாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இத்தீவுகளின் தாய்மொழி வரிசையில் வங்காளமும் இந்தியும் முன்னிற்க, தமிழ் மூன்றாவதாகவும் தெலுங்கு அதற்கு அடுத்தும் வந்தன. சென்னையில் மார்வாரியும், தில்லியில் தமிழும் ஓரளவு மறைமொழியாகப் பயன்படலாம். போர்ட் பிளேர்க் கடைத்தெருவில் எந்த மொழியைப் பேசினாலும் பக்கத்தில் நிற்பவர் பாதியாவது புரிந்துகொள்வார். மேசையில் சகோதரிகள் இருவரும் தமிழில் சதி பேசியபோது வங்கப் பிள்ளை சிரித்துவிட்டார். ஆகவே அவர்கள் பாட்டியிடம் கற்ற ‘க’ பாஷைக்குத் தாவினர். ஒவ்வோர் அசைக்கும் முன்னால் ஒரு ககரத்தைச் செருகிப் பேசும் சிறுவர் பேச்சு அது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் பெண்பிள்ளைகளின் சொத்தாக இருந்துவந்தது.

“கஅ கவன் கபொய் கசொல் கறான்.”

அவன் பொய் சொல்றான் என்பதே செய்தி. பத்து நிமிடம் போதுமாயிருந்தது. “கஎ கனக் ககும் கபுரி கயுது” என்று வங்கப் பிள்ளை தமிழிலேயே பதிலிறுத்தார்.

மொழியியல் நோக்கில் அந்தப் பத்து நிமிடம் பயனுடையது. விதியால் ஆன மறைமொழியைக் காது உடைத்துவிடும். மாறாத விதி ஒன்று திரும்பத் திரும்ப வரும்போது, கேட்பவர் அவ்விதியைப் பிரித்தெடுத்து வீசிவிட்டு எஞ்சியதைப் புரிந்துகொள்கிறார். கிரியர்சன் தொகுத்த இந்திய மொழியியல் அளவாய்வின் பதினொன்றாம் தொகுதி 1922இல் வெளிவந்தது. நாடோடிக் குழுக்களின் மொழிகளுக்கெனவே ஒதுக்கப்பட்ட தொகுதி அது. சொல்லின் முதலெழுத்தை மாற்றுவது, முன்னோ பின்னோ ஓர் எழுத்தை ஒட்டுவது என்று அங்கே விவரிக்கப்படும் உத்திகள் பல, பாட்டியின் ‘க’ பாஷைக்கு ஒன்றுவிட்ட உறவுதான். வீட்டில் பேசினால் விளையாட்டு. சான்சியர் பேசினால் குற்றவாளிகளின் கொச்சை. அத்தொகுதியின் தலைப்புகள் இவ்வேறுபாட்டை எவ்விதத் தயக்கமுமின்றிச் செய்கின்றன.

ஃபெரார்கஞ்ச் இளைஞருக்கு அன்று கிடைத்த பாத்திரம் ‘ரோக்’, அதாவது கள்வன். தாளில் இனம், வகுப்பு, திறன்கள் எல்லாவற்றையும் நிரப்பினார். மொழிகள் என்ற இடத்தில் வகுப்பின் பெயரால் தானாகவே வந்து அமரும் ‘கள்வர் மொழி’ என்ற வரியை மட்டும் பேனாவால் அடித்தார். ஏன் என்று நடத்துபவர் கேட்டார். “எங்க வீட்டுப் பேச்சுக்கு இந்தப் பேரை ஏற்கெனவே ஒரு தடவை வச்சாங்க” என்று அந்தமான் இந்தியில் சொல்லிவிட்டு, அவர் பகடையை எடுத்துக்கொண்டார். மேசையில் வேறு பேச்சு எழவில்லை.

அவர் பாந்து குடும்பத்துப் பிள்ளை. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. பதிவேட்டில் பெயர், காவல் நிலையத்தில் ஆஜர், ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதிச் சீட்டு என்பன அதன் நடைமுறைகள். ஐக்கிய மாகாணத்தில் அச்சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டிருந்த பாந்துகளில் ஒரு பகுதியினர் 1926இல் சால்வேஷன் ஆர்மியின் மேற்பார்வையில் அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டு, ஃபெரார்கஞ்ச் சுற்றுவட்டாரத்தில் குடியமர்த்தப்பட்டனர். தமிழ் வாசகருக்கு இச்சட்டத்தை விளக்கவேண்டியதில்லை. 1911க்குப்பின் சென்னை மாகாணத்திலும் அது நடைமுறைக்கு வந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. இந்திய அளவில் சட்டம் நீங்கியது 1952இல்.

விளையாட்டுக் கையேட்டில் ‘கள்வர் மொழி’ என்று இருக்கும் பெயரின் தடத்தைப் பின்தொடர்ந்தால் போய்ச்சேரும் இடம் 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. தாமஸ் ஹார்மன் என்பவர் நாடோடிகளையும் இரவலர்களையும் பற்றி எழுதி 1560களில் வெளியிட்ட எச்சரிக்கை நூலில், அவர்களுடைய சொற்களின் பட்டியலும் இடம்பெற்றது. அவர் கென்ட் பகுதியின் செல்வந்தர். அலைவோரைப் பிடித்து விசாரிக்கும் அதிகார வட்டத்தைச் சேர்ந்தவர். பின்னால் வந்தவர்கள் அவருடைய பட்டியலை எடுத்தாண்டு எடுத்தாண்டே ‘திருடர் மொழி’ என்னும் இலக்கிய வகையை வளர்த்தனர். இந்தியாவில் அதன் இணை வில்லியம் ஸ்லீமன் 1836இல் கல்கத்தாவில் வெளியிட்ட ‘ராமசீயானா’. தக்கர்களின் தனிமொழிக்கான சொற்கோவை அது. வழிப்போக்கரைக் குறிக்க ‘பனிஜ்’, அதாவது சரக்கு, என்ற சொல். கழுத்தை நெரிக்கும் தருணத்தை அறிவிக்கப் புகையிலை தின்னச் சொல்லும் ஒரு சாதாரண வாக்கியம். இவ்வாறு அப்பட்டியல் நீள்கிறது. தக்கர் பற்றிய குடியேற்ற ஆவணங்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது இன்றும் வரலாற்றாசிரியரிடையே தீராத விவாதம். அவ்விவாதத்தில் எப்பக்கம் நின்றாலும் ஒன்று தெளிவு: அச்சொற்கள் ஸ்லீமனுக்குத் தாமாகக் காதில் விழவில்லை. உயிருக்காக அரசுத்தரப்புச் சாட்சிகளாக மாறிய கைதிகள் சொல்லிக்கொடுத்தவை அவை.

‘க’ பாஷைக்கும் ‘பனிஜ்’ என்ற சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. முன்னது விதி, அதைக் கூர்ந்த காது உடைக்கும். பின்னது ஒரு சொல்லின் இடத்தில் இன்னொரு சொல். அதை எவ்வளவு நேரம் கேட்டாலும் சரக்கு சரக்காகவே ஒலிக்கும். உடைக்க வேண்டுமாயின் உள்ளிருந்து ஒருவர் வெளியே வந்தாகவேண்டும். ஹார்மனிடமும் ஸ்லீமனிடமும் இருக்கும் சொற்பட்டியல்கள், மறைமொழிகள் எவ்வாறு வாழ்ந்தன என்பதற்கான சான்று என்பதைவிட, அவை எவ்வாறு பறிக்கப்பட்டன என்பதற்கான சான்று எனல் பொருந்தும். விளையாட்டு விதிநூல் தன் கள்வர் மொழியை எடுத்தது இந்த அலமாரியிலிருந்து. எடுத்தவர்களுக்குத் தீய எண்ணம் ஏதுமில்லை. அவர்கள் கைக்கு எட்டிய அலமாரி அதுவாக இருந்தது.

தமிழில் வேறோர் அலமாரி உண்டு. நடத்துபவர் தேடிச் சென்றது அதை. பவணந்தியின் நன்னூல் வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பகுக்கிறது. தகுதி வழக்கின் கீழ் மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்வது, மங்கலமற்றதை மங்கலமாக்கிச் சொல்வது, ஒரு குழுவினர் ஒரு பொருளின் பெயரை விடுத்துத் தமக்குள் வேறு பெயரிட்டு வழங்குவது. உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டுகள் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை: பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பர், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பர். குடித்தவன் வாயிலிருந்து உள்ளதெல்லாம் வெளியே வந்துவிடும் என்பதால் கள்ளுக்கு இப்பெயர் வாய்த்தது போலும். மறைசொல்லுக்குள் மறையாமையைப் பொதிந்துவைத்த அந்த அறியப்படாத வேடனுக்கு நகைச்சுவை உணர்வு மிகுதி.

தேர்வுக்காக மனனம் செய்து மறந்துவிடும் இப்பகுதியில் ஒரு பெருந்தன்மை உண்டு. மறைசொல் வழங்குவோரை இலக்கணி விசாரிக்கவில்லை. பொற்கொல்லரும் பாகரும் வேடரும் ஏன் மறைக்கின்றனர், மறைத்து என்ன செய்கின்றனர் என்று அவர் கேட்கவில்லை. இறந்தாரைத் துஞ்சினார் என்று சொல்லும் அதே நாகரிகத்தின் பக்கத்து அறையில் குழூஉக்குறியை அமரவைத்து, மூன்றுக்கும் சேர்த்துத் ‘தகுதி’ என்று பெயரிட்டார். பேச்சு இடத்துக்குத் தகவும் கேட்போருக்குத் தகவும் மாறும். தொழிலுக்குத் தக மாறுவதும் அதில் ஒன்று. ஆறு நூற்றாண்டு கழித்து வந்த அதிகாரி கண்ட குற்றத்தை, 13ஆம் நூற்றாண்டின் சமண முனிவர் வழக்காகக் கண்டார். இரண்டையும் ஒரே துறையின் முன்னோடிகள் என்று மொழியியல் பாடநூல்கள் அடுத்தடுத்து வைப்பது சற்று நெருடத்தான் செய்கிறது. (பவணந்தியின் காலத்திலும் மறைசொல்லைக் கேட்டுச் சினந்த ஊர்க்காவலர் இருந்திருப்பர். அவர்கள் இலக்கணம் எழுதவில்லை என்பதே வேறுபாடு.)

அடுத்த ஞாயிறு தாளில் அடிக்கப்பட்ட வரிக்கு மேலே ‘குழூஉக்குறி’ என்று எழுதப்பட்டது. விதிகளும் மாறின. கள்வன் என்ற வகுப்புக்கு மட்டும் உரிய மொழி என்பது நீங்கி, எந்தப் பாத்திரமும் தன் தொழிற்குழுவின் சொற்களை உடன் கொண்டுவரலாம் என்றாயிற்று. ஆட்டம் தொடங்குமுன் இருவர் அல்லது மூவர் கூடி ஐந்தே சொற்களை முடிவு செய்வர், மற்றவருக்குச் சொல்லமாட்டார். அச்சொற்களை எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுப் பேசவேண்டும். புரிந்துகொள்ளப் பகடை உருட்ட இடமில்லை. அறிவுத்திறன் எவ்வளவு உயர்ந்த பாத்திரமானாலும், குழுவில் ஒருவர் காட்டிக்கொடுத்தாலன்றிப் பொருள் கிட்டாது. காட்டிக்கொடுப்பவருக்கு என்ன கூலி, அதன்பின் குழுவில் அவருக்கு என்ன இடம் என்பதை ஆட்டத்துக்குள்ளேயே பேசித் தீர்க்கவேண்டும்.

இம்மாற்றத்தால் ஆட்டம் மெதுவானது. அதை மறைக்க இயலாது. ஒரு மாலை முழுவதும் ஒரு படகுக்காரருடன் பேரம் பேசுவதிலேயே கழிந்தது. ஆனால் மேசையில் முதன்முறையாக ஒருவர் உண்மையிலேயே புரியாமல் விழித்தார். புரியாதவர்போல் நடிப்பதற்கும் புரியாமல் இருப்பதற்கும் உள்ள தூரம் முகத்தில் தெரிந்தது.

பேரத்துக்குச் சொல்லே தேவையில்லை என்பது மூத்த சகோதரி தந்த திருத்தம். தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைக் கைமேல் போட்டு, அதன் மறைவில் விரல்களைப் பற்றி விலை பேசுவர். எத்தனை விரல், எப்படிப் பிடித்தார் என்பதில் தொகை அடங்கியிருக்கும். சுற்றி நிற்கும் கூட்டத்துக்குப் பேரம் நடப்பது தெரியும். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் கூட முகக்குறியால் ஊகிக்கலாம். தொகை மட்டும் துண்டுக்கு வெளியே வராது. மறைசெய்தி இருப்பதை அறியலாம், பொருளை அறியலாகாது என்று 2014ஆம் ஆண்டு விதிநூல் மந்திரத்தை நாடிச் சொன்னதை ஒரு துண்டு நிறைவேற்றிவிடுகிறது. இப்போது மின்னி பே மேசையில் பகடைகளுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு இருக்கிறது.

சில கல் தொலைவில் நிற்கும் செல்லுலார் சிறையும் இதே சிக்கலைச் சந்தித்த இடம். 1906இல் கட்டிமுடிக்கப்பட்ட அச்சிறையின் ஏழு சிறகுகளும், ஓர் அறையின் முகப்பு அடுத்த சிறகின் முதுகை நோக்குமாறு அமைந்தவை. கைதிகள் ஒருவரையொருவர் காணவும் பேசவும் கூடாது என்பதே அக்கட்டடத்தின் இலக்கணம். அங்கிருந்து மீண்டவர்களின் நினைவுக் குறிப்புகள் சுவரைத் தட்டியும் விலங்கை ஒலித்தும் செய்தி பரிமாறியதைப் பேசுகின்றன. சுற்றுலாப் பயணியர் அதைக் கேட்டு நெகிழ்கின்றனர். நெகிழ்வது முறையே. அரசியல் கைதி தட்டினால் வீரம், பாந்து பேசினால் கொச்சை என்ற பாகுபாட்டை அந்நெகிழ்ச்சி தொடுவதேயில்லை என்பதுதான் குறை.

கள்வர் மொழியின் சிக்கல் இவ்வாறு ஒருவகையில் தீர்ந்தது. ட்ரூயிட் மொழியின் சிக்கல் தீரவில்லை. வனத்தில் வாழ்வோரிடம் வெளியாருக்குக் கற்பிக்கத் தடைவிதிக்கப்பட்ட புனித மொழி ஒன்று உண்டு என்பது அவ்விதியின் கற்பனை. ஐரோப்பியக் காடுகளில் அக்கற்பனை யாரையும் புண்படுத்தாது போகலாம். அந்தமானில் அவ்வாறன்று. பெரிய அந்தமானியக் குழுவைச் சேர்ந்த போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். அம்மொழிகளை ஆராய்ந்து அகராதி தொகுத்த அன்விதா அப்பி, தன் மொழியில் பேச ஆளின்றிப் போவா பறவைகளோடு பேசியதைப் பதிவுசெய்திருக்கிறார். 2020 ஏப்ரலில் லிச்சோ இறந்தபோது சாரே மொழியும் அவ்வழியே சென்றது. எவரும் அம்மொழிகளை மறைக்கவில்லை. 1858க்குப்பின் வந்த நோய்களும் குடியேற்றமும் கேட்போரை எடுத்துச்சென்றன. எஞ்சிய ஒருவரின் பேச்சு, அவர் விரும்பாமலேயே, உலகில் எவரும் அறியாத மறைமொழியாயிற்று. ஸ்லீமனின் சொற்கோவையும் அப்பியின் அகராதியும் நூலகத்தில் ஒரே வகைப்பாட்டு எண்ணின் அருகருகே அமரக்கூடும். ஒன்று பேசுவோரைப் பிடிக்கத் தொகுத்தது. மற்றொன்று பேசுவோர் இல்லாமற் போகும் நாளுக்கு முன்னால் ஓடித் தொகுத்தது.

இளைய சகோதரியின் பாத்திரம் ட்ரூயிட். ஜாரவா ஒலிகளைப்போல் சிலவற்றைப் புனைந்து பேசலாமா என்று ஒருமுறை அவர் கேட்டார். நடத்துபவர் உடனே மறுத்தார். வாழும் மக்களின் பேச்சை ஒலிவடிவில் மட்டும் கடன்வாங்குவது கேலியில்தான் முடியும் என்பது அவர் கருத்து. தாவரங்களுக்குச் சித்தர் நூல்கள் வழங்கும் பரிபாஷைப் பெயர்களைக் கொண்டு ஒரு மொழி அமைக்கலாம் என்பது மூத்தவரின் யோசனை. ஒரே சொல் மூலிகையையும் உலோகத்தையும் உடலுறுப்பையும் மாறிமாறிச் சுட்டும் மரபு அது; அதற்கெனவே நிகண்டுகள் எழுந்தன. வனப் பூசாரிக்குப் பொருந்தும் என்றே தோன்றுகிறது. வங்கப் பிள்ளைக்கு உடன்பாடில்லை. தமிழ் அறிந்த மூவருக்கு அதில் பாதி முன்பே தெரிந்திருக்கும், தனக்கும் ஃபெரார்கஞ்ச் நண்பருக்கும் ஒன்றும் தெரியாது, இது சமமான ஆட்டமாகாது என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இளையவர் இப்போது மேற்படிப்புக்காகச் சென்னை செல்லும் கப்பலில் இருக்கிறார். மூன்று நாள் பயணம். அவருடைய தாளில் மொழிகள் என்ற இடத்தில் அந்த வரி இன்னும் நிரப்பப்படவில்லை.